டெக்ஸ்டைல் ஜூரிக்குத் தயாராகிறவர்களுக்கு

டெல்லியில் ஜவுளி வடிவமைப்பு படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் இறுதி ஜூரிக்கு (தேர்வுக் குழுவின் முன் வேலையைக் காட்டிப் பதில் சொல்லும் தேர்வு) உடல், சுயம், சுற்றுச்சூழல் என்றுதான் தலைப்பு எடுக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் "இதை ஏன் துணியில் செய்தாய், வரைந்திருக்கலாமே?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்குத் துணிதான் பதில் சொல்ல வேண்டும். வேலையை விளக்கி நீளநீளமாக எழுதும் கான்செப்ட் நோட்டை யாரும் முழுதாகப் படிப்பதில்லை.

நான் செய்தது இது. கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, மல் துணியை (மெல்லிய பருத்தி) அதில் முக்கிக் காயவைத்தால் வெளிர்மஞ்சளாகும். ஈரத்தோடு துருப்பிடித்த இரும்பில் பட்டால் பட்ட இடம் கறுத்துவிடும். கடுக்காயின் டானினும் (துவர்ப்புப் பொருள்) இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை. அந்தத் துணியில் ஜாக்கெட் தைத்து, தண்ணீர் தெளித்துப் போட்டுக்கொண்டு, முனிர்கா வாடகை வீட்டில் பால்கனிக் கம்பியில் சாய்ந்து நின்றேன், இரும்புக் கட்டிலில் படுத்தேன். முழங்கைக்கு மேல் கம்பியின் கோடு விழுந்தது. முதுகில் கட்டில் சட்டம், ஓரம் கலங்கிய சாம்பல் பட்டையாக. "பிரிண்ட் போட்டிருக்கலாமே" என்றார் ஜூரியில் ஒருவர். "போட்டிருந்தால் கறை எங்கே விழ வேண்டுமென்று நான் முடிவு செய்திருப்பேன், சார்" என்றேன். அப்புறம் பேச்சு துணியைப் பற்றியே போனது.

கடுக்காய் பழைய டெல்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லியில் கிடைக்கும், 'ஹரட்' என்று கேளுங்கள். மல் துணிக்கு நேரு பிளேஸ்.

டெல்லியில் வாழ்ந்த சிற்பி மிருணாளினி முகர்ஜியை (1949–2015) படிக்காமல் ஜூரிக்குப் போகாதீர்கள். பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் பயின்றவர். தறி இல்லாமல், முன்கூட்டி வரைந்து பார்க்காமல், சணல் கயிற்றைக் கையாலேயே முடிச்சிட்டு ஆளுயர உருவங்கள் செய்தார். 'யக்ஷி' (1984), 'வனஸ்ரீ' (1994) படங்களைப் பாருங்கள்: மடிப்பு எங்கே உடலாகிறது, எங்கே இதழாகிறது என்று பிரிக்கவே முடியாது. போலந்தின் மக்டலேனா அபகனோவிச் 1960களில் நாரில் நெய்த பிரம்மாண்டமான 'அபகன்'களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் மட்டும் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள், முடிச்சைப் பற்றிப் பேசத் தெரிய வேண்டும்.

சோதனைத் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் என்ன துணி, எவ்வளவு நேரம் ஊறியது, எந்தத் தண்ணீர் என்று சீட்டு குத்திவையுங்கள். எங்கள் ஜூரியில் இறுதி வேலையைவிட அந்தத் துண்டுகளின் கட்டைத்தான் அதிக நேரம் புரட்டினார்கள். இன்னொன்று, இரும்புக் கறை பட்ட பருத்தி நாளாக நாளாக நைந்துபோகும். எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டால் பூசி மெழுகாமல் அதையே சொல்லிவிடுங்கள்.