தங்கம் ஏறுகிறது, கடனும் ஏறுகிறது: 2026 பற்றிய சில கணிப்புகள்

புது ஆண்டில் உலக அரசியல் எந்தப் பக்கம் சாயும் என்று கணிக்க விரும்புகிறவர் கிளிநொச்சி நகரத்து வங்கி ஒன்றின் அடகுப் பிரிவில் அரை மணி நேரம் நின்றால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. 2025 டிசெம்பர் கடைசி வாரத்தில் அங்கே வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலானோர் காலபோக வயலுக்குப் பசளை எடுக்கவோ, டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்தில் விதைப்பு அழுகியதால் ஏற்பட்ட செலவைச் சமாளிக்கவோ பணம் தேடி வந்தவர்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மா புது நகை எதையும் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே அடைவில் இருந்த சங்கிலிக்கு வட்டியைக் கட்டி, இன்றைய விலைக்கு அதை மாற்றி வைத்து, மேலதிகமாகக் கிடைத்த தொகையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். உத்தியோகத்தர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்து, தராசில் வைத்துப் பார்த்து, புதிய சிட்டையை எழுதிக் கொடுத்தார். நிறை மாறவில்லை, கடன் மட்டும் பெருத்துவிட்டது.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அவுன்ஸ் தங்கம் 2,600 டொலர் அளவில் இருந்தது. டிசெம்பரில் அது 4,400 டொலரையும் கடந்தது. இலங்கையில் ஒரு பவுண் 3 இலட்சம் ரூபாய்க்கு மேலே போய்விட்டது. அமெரிக்க வட்டி வீதக் குறைப்பு, டொலரின் தளர்ச்சி, முதலீட்டாளர்களின் அச்சம் எனக் காரணங்கள் பல சொல்லப்பட்டாலும், வேர் 2022 பெப்ரவரியில் இருக்கிறது என்பதே என் எண்ணம். உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தவுடன் மேற்கு நாடுகள் ரஷ்ய மத்திய வங்கியின் ஒதுக்கில் ஏறத்தாழ 300 பில்லியன் டொலரை முடக்கின. அயலார் நாட்டில் அயலார் நாணயத்தில் வைத்த சேமிப்பு ஓர் இரவில் கைக்கு எட்டாமல் போகலாம் என்பதை ஏனைய நாடுகள் அன்று கண்டுகொண்டன. 2022 முதல் 2024 வரை மூன்று ஆண்டுகளிலும் உலகின் மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 தொன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. 2025 டிசெம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் தன்னிடமுள்ள ரஷ்யச் சொத்துகளைக் காலவரையறையின்றி முடக்கி வைக்கத் தீர்மானித்தது. ஆகவே, இந்த ஆண்டு உக்ரைனில் போர்நிறுத்தம் வந்தாலும் (வரும் என்று நான் நம்பவில்லை), தங்கம் இடையிடையே சறுக்குமே தவிர 2024இன் விலைக்குத் திரும்பாது.

கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னியின் சனத்துக்கு இதை எந்த மத்திய வங்கியும் கற்பிக்கத் தேவையில்லை. 2009இல் இறுதிப் போரின்போது காணி, வீடு, மாடு, உழவு இயந்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்களால் மடியில் கட்டிக்கொண்டு போக முடிந்தது நகை மட்டுமே. அதையும் வழியில் இழந்தவர்கள் பலர். போர் முடிந்தபோது படையினர் மீட்ட நகைகளில் ஒரு தொகுதி 2025 மே மாதத்தில்தான் பொலிஸாரிடம் கையளிக்கப்பட்டது. இந்தப் பதினாறு ஆண்டுகளில் பவுண் விலை எத்தனை மடங்கு ஏறியது என்ற கணக்கை உரியவர்களுக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

எனக்குக் கவலை தருவது விலை ஏற்றம் அல்ல, அது செல்வம்போலத் தோற்றமளிப்பதுதான். ஏறுகிற ஆண்டில் மாற்றி வைப்பவருக்குக் காசு கிடைக்கிறது. ஏற்றம் நின்றுவிட்ட ஆண்டில் வட்டி மட்டுமே மிஞ்சும். 2026இன் பிற்பகுதியில், மீட்கப்படாத அடகு நகைகளுக்கான ஏல அறிவித்தல்கள் கூடும் என்று எதிர்பார்க்கிறேன்.

பசளை விவகாரம் இன்னும் நொய்மையானது. யூரியாப் பசளையின் மூலப்பொருள் இயற்கை எரிவாயு. ஈரான், கட்டார், சவூதி அரேபியா ஆகியவற்றின் யூரியா பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். 2025 ஜூன் மாதத்தில் இஸ்ரேலும் ஈரானும் பன்னிரண்டு நாள் மோதியபோது அந்த நீரிணை மூடப்படவில்லை. அடுத்த மோதலிலும் அதே அதிர்ஷ்டம் வாய்க்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அது சிறுபோகத்துக்கு முன் நேர்ந்தால், 2021இல் இரசாயனப் பசளைக்கு விதிக்கப்பட்ட தடையின்போது இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்கள் பட்ட பாட்டை மீண்டும் படும். அன்று ஒரு வர்த்தமானி செய்ததை இம்முறை ஓர் ஏவுகணை செய்யும்.

அமெரிக்கத் தீர்வை வரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2025 ஏப்ரலில் இலங்கைக்கு 44 சதவீதம் என்றார்கள், ஜூலையில் 30 ஆக்கினார்கள், ஓகஸ்டில் 20இல் நிறுத்தினார்கள். வன்னியின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலைப் பேருந்தில் போகும் பிள்ளைகளின் வேலை இந்த மூன்று எண்களுக்கிடையே ஊசலாடியது. 2026 தொடங்கியபோது அவ்வரிகளின் சட்டவலு குறித்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. தீர்ப்பு எதுவாயினும், ட்ரம்ப் நிர்வாகம் வேறொரு சட்டத்தின் வழியாக வரியைத் தொடரும் என்பதே அப்போது என் கணிப்பு.

நாட்டின் நிதி நிலை இந்த ஆண்டு குலையாது. புலம்பெயர்ந்தோரும் வெளிநாட்டுத் தொழிலாளரும் 2025இல் 7 பில்லியன் டொலருக்கு மேல் அனுப்பியிருக்கிறார்கள். புயலுக்குப் பின் சர்வதேச நாணய நிதியமும் 206 மில்லியன் டொலர் அவசர உதவிக்கு ஒப்புதல் அளித்தது. சோதனை 2028இல், வெளிநாட்டுக் கடனை மீண்டும் முழு அளவில் கட்டத் தொடங்கும்போது வரும்.

நெல்லைப் பற்றியும் ஒரு கணிப்பு உண்டு. 2025இல் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்ற உத்தரவாத விலை பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டபோது, அறுவடை ஏற்கெனவே தொடங்கி, அடைவு மீட்க அவசரப்பட்டவர்களின் நெல் வியாபாரிகளின் லொறிகளில் ஏறியிருந்தது. இம்முறையும் அப்படியே நடக்கும் என்பதை, மேலே சொன்ன எல்லாவற்றையும் விட உறுதியாகச் சொல்வேன்.