நான் தூங்கி எழுந்தப்போ முடிவு பண்ணிட்டாங்க

சில வருஷம் முன்னாடி நான் இருந்த ஒரு மொழிபெயர்ப்பு குழு, உலகம் பூரா ஆளுங்க, எல்லாருமே சும்மா ஆர்வத்துல வர்றவங்க. மூணு மாசமா இழுத்துட்டு இருந்த ஒரு விஷயம், காலைல எழுந்து பாத்தா முடிஞ்சிருக்கு. ராத்திரி நாலு பேர் போன் கால்ல பேசி முடிச்சுட்டாங்க, கீழ "யாரும் மறுப்பு சொல்லல"ன்னு ஒரே ஒரு வரி. மறுப்பு சொல்ல வேண்டியவன் குறட்டை விட்டுட்டு இருந்தேன்!

முடிவு தப்புன்னு சொல்ல மாட்டேன், இப்ப யோசிச்சா சரிதான். ஆனா ஏன்னு ஒருத்தரும் எழுதல, அதுக்கப்புறம் எனக்கு அங்க வேலை செய்ய கை வரல. சம்பளம் வர்ற இடம்னா பிடிக்கலைன்னாலும் முழுங்கிட்டு போவோம், இங்க சத்தமில்லாம கழண்டுக்குவோம், அவ்ளோதான்.

இன்டர்நெட்டுக்கு விதிமுறை எழுதுற ஐஇடிஎஃப்ல ஓட்டெடுப்பு கிடையாது, எந்தப் பக்கம் ஆதரவுன்னு பாக்க கூட்டத்துல "ம்ம்ம்"னு முனக சொல்லுவாங்க. கேக்க காமெடியா இருக்கும், ஆனா இத விளக்கி 2014ல அவங்க போட்ட ஆர்எஃப்சி 7282ங்கிற ஆவணத்த படிச்சுப் பாருங்க. நூறு பேர் சரின்னு சொல்லி அஞ்சு பேர் ஒரு குறைய காட்டி, அத யாருமே எடுத்துப் பேசலைன்னா அங்க ஒத்த கருத்து வரலைன்னு அர்த்தமாம். மறுப்ப ஏத்துக்கணும்னு இல்ல, பதில் சொல்லியிருக்கணும். எனக்கு அன்னைக்கு கிடைக்காதது அதுதான்.

பைத்தான்ங்கிற ப்ரோகிராமிங் மொழியோட நிர்வாகக் குழுவுல அஞ்சு பேர், ஒரே கம்பெனில இருந்து ரெண்டு பேருக்கு மேல கூடாது. நல்லவங்கதான்னு நம்பினாலும் விதி விதிதான், எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது.

கஷ்டமான கேஸ் 2019ல இங்கிலீஷ் விக்கிபீடியால நடந்தது. விக்கிபீடியாவ நடத்துற விக்கிமீடியா ஃபவுண்டேஷன் ஒரு அட்மின ஒரு வருஷம் தடை பண்ணுச்சு, ஆதாரம் ரகசியம், மேல்முறையீடும் கிடையாது. அங்க எழுதுறவங்க கொந்தளிச்சுட்டாங்க, நிறைய அட்மின்கள் பொறுப்பையே விட்டுட்டாங்க. புகார் குடுத்தவங்கள காப்பாத்த சில விஷயத்த மறைச்சுத்தான் ஆகணும், அதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா ஆதாரத்த மறைக்கிறது வேற, திரும்ப பாக்க வேற ஆளே இல்லாம பண்றது வேற. கடைசில சமூகமே தேர்ந்தெடுத்த, பஞ்சாயத்து பண்ற ஆர்பிட்ரேஷன் கமிட்டி கைக்கு கேஸ் போச்சு, அவங்க செப்டம்பர்ல தடைய ரத்து பண்ணாங்க, ஆனா அட்மின் உரிமைய அப்படியே திருப்பிக் குடுக்கல. ரெண்டு பக்கத்துக்குமே முழு திருப்தி இல்ல. பரவால்ல, யார் பாத்தாங்க, என்ன முடிவு பண்ணாங்கன்னாவது தெரிஞ்சுதே.

இவ்ளோ பேசுறேன்ல, போன மாசம் இப்ப இருக்குற குழுவுல ஒரு புதுப் பையனோட மொழிபெயர்ப்ப "சரியா வரல"ன்னு ரெண்டே வார்த்தைல தள்ளிட்டேன். "ஏன்ணா?"ன்னு கேட்டான். பதில் எழுத உக்காந்தேன், அரை மணி நேரம் ஆச்சு, உருப்படியா ஒரு காரணம் வரல. அவன் மொழிபெயர்ப்பையே ஏத்துக்கிட்டேன்.