இரண்டடியிலிருந்து மூன்றடிக்கு: கடல்மீன் தொட்டி, ஒரு வருடம்

நாகர்கோவிலில் என் வீட்டிலிருந்து சங்குத்துறைக் கடற்கரைக்கு பைக்கில் போக அரைமணி நேரம்கூட ஆகாது. கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது கடல்மீன் வளர்ப்பது லேசு என்று நம்பித்தான் 2023 ஆகஸ்டில் ஆரம்பித்தேன். நன்னீர் மீன் வளர்த்த பழக்கம் ஏற்கெனவே இருந்தது. வீட்டில் சும்மா கிடந்த தொட்டியையே கழுவி எடுத்தேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப்படி 56 லிட்டர். கண்ணாடியின் கனம், மேலே விடும் இடைவெளி, உள்ளே வைத்த கல், மணல் எல்லாம் போக நின்ற தண்ணீர் 40 லிட்டர்தான். கடையில் சொல்வது முதல் கணக்கு. மீன் வாழ்வது இரண்டாவது கணக்கில்.

தண்ணீரை நானே கோரி வந்தேன். அக்டோபர் மழைக்குப் பிறகு ஒருநாள் மணக்குடிப் பக்கம் எடுத்த தண்ணீரை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பு அளக்கும் கருவியில் பார்த்தால் உப்பு 29. கிலோவுக்கு 35 கிராம் இருக்க வேண்டும். பழையாறு வந்து சேரும் பொழிமுகம் அது. மழைத் தண்ணீர் முழுக்க அங்கேதான் இறங்குகிறது. அன்றிலிருந்து, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் அளந்து பார்க்காமல் ஒரு கோப்பைகூட ஊற்றுவதில்லை.

நவம்பரில் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். வீடு மூன்று நாள் பூட்டிக் கிடந்தது. தொட்டியில் இரண்டு க்ளவுன் மீன், ஒரு டாம்சல் மீன். திரும்பி வந்து லைட்டைப் போட்டால், க்ளவுன் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிக்கின்றன. டாம்சலைக் காணோம். கல்லைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் செத்து பாதி கரைந்து கிடந்தது. இருந்த தண்ணீரையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். அன்று ராத்திரியே ஒன்று போய்விட்டது, விடியும்போது மற்றதும். அந்த இரண்டையும் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

என்ன நடந்தது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் மூன்று லிட்டர் ஆவியாகிவிட்டது. தண்ணீர்தான் போகும், உப்பு அப்படியே நிற்கும். 40 லிட்டரில் இருந்த உப்பு 37 லிட்டரில் நின்றதால் 35 என்பது 38 பக்கம் ஏறியிருந்தது. ஆனால் கொன்றது உப்பு அல்ல, அம்மோனியா. செத்த மீன் அழுகினால் அம்மோனியா வரும், அது எல்லாத் தொட்டிக்கும் பொதுதான். கடல் நீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 8-க்கு மேல் இருப்பதால் அந்த அம்மோனியாவில் விஷமாக நிற்கும் பங்கு அதிகம். நன்னீர்த் தொட்டியில் ஒரு மீன் செத்தபோது மற்றவை பிழைத்ததை வைத்து நான் தைரியமாக இருந்தது தப்பு.

சரி, பெரிய தொட்டி வாங்குவோம் என்று முடிவு செய்தேன். எவ்வளவு பெரியது என்பதில்தான் ஒரு மாதம் போனது.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் கணக்குக்கு 191 லிட்டர், நிற்பது 140. இதே அகல உயரத்தில் நாலடி என்றால் கணக்குக்கு 255, நிற்பது 190. பெரிய தொட்டியில் உப்பு ஏறுவது அந்த அளவுக்குக் குறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மூன்றடித் தொட்டிக்கு மேல்பரப்பும் அதிகம், அதனால் ஆவியாவதும் இரண்டு மடங்குக்கு மேல். மூன்று நாள் விட்டால் இதிலும் உப்பு 36.8 வரை ஏறும். அதில் உதவுவது ஆழம்தான், நீளம் அல்ல. அம்மோனியா விஷயம் வேறு. அதே ஒரு மீன் 40 லிட்டரில் அழுகுவதும் 140 லிட்டரில் அழுகுவதும் ஒன்றல்ல. மூன்றரை மடங்கு நீர்த்துப்போகும், நமக்கும் ஒருநாள் அவகாசம் கிடைக்கும். புதிதாகச் செய்கிறவருக்கு அந்த ஒருநாள்தான் வேண்டும்.

அப்படியானால் நாலடியே வாங்கலாமே? அதைத் தடுத்தவை இரண்டு. ஒன்று எடை. 10 மில்லிமீட்டர் கண்ணாடியில் மூன்றடித் தொட்டியே 40 கிலோவுக்கு மேல். தண்ணீர், கல், மணல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 260 கிலோ. எங்கள் வீடு மாடியில். கொத்தனார் மாமாவைக் கூட்டி வந்து காட்டினேன். பீம் ஓடுகிற சுவரை ஒட்டி வை, நடு ஹாலில் வேண்டாம் என்றார்.

இன்னொன்று தண்ணீர். குளச்சலில் விசைப்படகில் போகும் அண்ணன் ஒருவர் பழக்கமானார். நான் கரையில் கோருவதைக் கேட்டதும், "கரைத் தண்ணி வேண்டாம் மக்கா. ஆழத்துல தெளிஞ்சு கிடக்கும், வரும்போது கோரிட்டு வாறேன்" என்றார். இப்போது முழுக்க அந்தத் தண்ணீர்தான். 35 லிட்டர் கேனில் மூடி, வெளிச்சம் படாமல் இரண்டு வாரம் வைத்தால் மிதக்கும் உயிர்கள் செத்து அடியில் படிந்துவிடும். மேல் தண்ணீரை மட்டும் டியூப் போட்டு எடுக்கிறேன்.

ஆனால் குளச்சல் மேற்குக் கடற்கரைக் கணக்கில் வருகிறது. விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அதே ஆனி ஆடியில் கரைக்கடலும் கலங்கிக் கிடக்கும். அந்த ஒன்பது வாரத்துக்கும் சேமித்து வைத்தாக வேண்டும். வாரம் பத்து சதவீதம் மாற்றினால் மூன்றடிக்கு 126 லிட்டர், ஆபத்துக்குப் பாதித் தொட்டி 70. மொத்தம் ஆறு கேன். நாலடிக்கு எட்டு. எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஆறுதான் நிற்கும். அத்தோடு அளவு முடிவானது.

2024 ஜனவரியில் மூன்றடித் தொட்டியை நிரப்பினேன். மணல் நம் ஊர்க் கடற்கரையிலேயே கிடைக்குமே என்று சிலர் சொன்னார்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட் என்ற கனிமங்கள் எல்லாம் இருக்கிறது, தொட்டிக்கு ஆகாது. கடையில் கிடைக்கும் அரகனைட் மணல் போட்டேன். அது சுண்ணாம்புச் சத்து, பிஎச் ரொம்ப இறங்காமல் பிடித்துக்கொள்ளும். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் பவளத்தாலான கடல் கல் பக்கம் போகவே இல்லை. காய்ந்த செயற்கைக் கல்தான்.

மீன் விடும் முன் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளரட்டும் என்று, வடசேரி சந்தையில் வாங்கிய ஒரு இறாலைத் தொட்டியில் போட்டு அழுக விட்டேன். அம்மோனியா ஏறியது, பிறகு நைட்ரைட் ஏறியது. 38-ஆம் நாள் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் காட்டியது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பிடித்துவிட்டது என்று அர்த்தம். போன முறை இந்தக் காத்திருப்பை இரண்டே வாரத்தில் முடித்திருந்தேன். மார்ச்சில் பண்ணையில் பொரித்து வளர்த்த க்ளவுன் ஜோடி வாங்கினேன். நமக்குப் பக்கத்து விழிஞ்சத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இந்த மாதிரி அலங்கார மீன் இனப்பெருக்கத்தில் வேலை செய்கிறது. கடலில் பிடித்ததை வாங்கத் தேவையே இல்லை.

ஏப்ரலில் தண்ணீர் 31 டிகிரி தொட்டது. சின்ன ஃபேன் வைத்தபின் 28 ஆனது. அதற்கு விலையாக நாளுக்கு மூன்று லிட்டர் ஆவியானது. கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறேன். மே மாதம் மறுபடி ஒரு கல்யாணம். பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியையும் தண்ணீர் பாட்டில்களையும் கொடுத்து, கோட்டைக் காட்டிவிட்டுப் போனேன். அவன் ஒருவேளைகூட மறக்கவில்லை.

தடைக்காலம் முடிந்து ஆகஸ்ட் முதல் வாரம் அண்ணன் படகு கடலுக்குப் போனது. அப்போது மாடிப்படிக்கு அடியில் இரண்டு கேன் திறக்காமலே இருந்தன. நேற்று 14 லிட்டர் மாற்றினேன். உப்பு 35, அம்மோனியா பூஜ்யம், நைட்ரேட் 10. க்ளவுன் எல்லாம் முதலில் ஆணாகத்தான் முதிரும், ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். எங்கள் ஜோடியில் பெரியது இடது மூலைக் கல்லைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. நான் கையை உள்ளே விட்டால் விரலைக் கொத்த வருகிறது.