பாலாடை அளவு

நவம்பர் 22, 2023, புதன்

அறுவை முடிந்து இரண்டாம் நாள். திங்கள் காலை இரைப்பையில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம்போல நீளமான ஒரு குழாய். ஸ்லீவ் என்று பெயர். வயிற்றில் ஐந்து சின்னத் தையல், ஆனால் வலி அங்கே இல்லை, இடது தோளில்தான் குத்துகிறது. உள்ளே கருவியை விட்டு வேலை பார்க்க வயிற்றுக்குள் கரியமில வாயுவை ஏற்றுவார்களாம். அதில் தங்கிப்போனது உதரவிதானத்தை உறுத்த, வலி தோளில் தெரிகிறதாம். நடந்தால்தான் போகும் என்றார் நர்ஸ்.

நேற்று மாலை கட்டிலிலிருந்து கதவு வரை நடந்தேன். இன்று வராந்தாவின் முழு நீளத்துக்கு நான்கு முறை. காலில் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ், ரத்தம் உறையாமல் இருக்கத் தினம் ஒரு ஊசி. நடப்பதும் அதற்காகத்தான்.

எதற்காக இதைச் செய்துகொண்டேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். 112 கிலோ. பதினொரு வருடமாகச் சர்க்கரை. இந்த மொரீஷியஸ் தீவில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது இருக்கிறது. என் மாமனாருக்கு அதனால் ஒரு காலை எடுத்தார்கள், அடுத்த வருடமே போய்விட்டார். நான் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவள்.

நவம்பர் 25, சனி

வீட்டுக்கு வந்தாச்சு. பசி இல்லை. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற சுரப்பு, வெட்டி எடுத்த பகுதியில்தான் அதிகம் சுரக்குமாம். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாகப் பசி இல்லாத ஒரு வாரம்.

கஷ்டம் தண்ணீரில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போயாக வேண்டும். ஒரு மடக்கு பெரிதாகிவிட்டால் நெஞ்சுக்குழியில் கல் விழுந்த மாதிரி வலிக்கிறது. பதினைந்து நிமிடத்துக்கு முப்பது மில்லி என்று உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்து மூடியில் அளந்தால் என்னையறியாமல் ஒரே வாயாக ஊற்றிவிடுகிறேன்.

இன்று பீரோவைக் குடைந்து பாலாடையை எடுத்தேன். மகள் பிறந்தபோது அம்மா கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளிப் பாலாடை. சர்க்கரைத் தண்ணீரும் கிரைப் வாட்டரும் மருந்தும் அவளுக்கு இதில்தான் போகும். மருந்து மூடியால் அளந்து பார்த்தேன், சரியாகப் பதினைந்து மில்லி பிடிக்கிறது. இரண்டு பாலாடை ஒரு தவணை. மூக்கு குறுகலாக இருப்பதால் ஊற்ற முடியாது, நூலாகத்தான் வரும். நாக்கில் பட்டு, தொண்டையில் இறங்கி, உள்ளே போய்ச் சேர்வது வரை தெரிகிறது. வலி இல்லை.

மகளுக்குப் பதினேழு வயது. போனில் பதினைந்து நிமிட மணி வைத்துக்கொண்டு, மணி அடிக்கும்போதெல்லாம் “அம்மா, பாலாடை” என்று வந்து நிற்கிறாள்.

நவம்பர் 29, புதன்

ஒன்பதாம் நாள். வடிகட்டிய நீராகாரம்தான் இன்னும். பருப்புத் தண்ணி, நீர் மோர், புரதப் பொடி கலந்த பால். பொடியின் வாடை குமட்டுகிறது. ஆனால் புரதம் நாளுக்கு அறுபது கிராம் வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு கொழுப்போடு தசையையும் சேர்த்துக் கரைக்கும். ஆறவைத்த பாலில் கலந்தால் வாடை குறைகிறது. இது நானே கண்டுபிடித்தது.

இன்று அத்தை, என் மாமியார், ரசம் வைத்தார். இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அதை ‘ரசோன்’ என்பார்கள். அத்தைக்குத் தமிழில் பேச்சு வராது, கோயில் பாட்டும் சில சொற்களும்தான். ஆனால் அடுப்பங்கரையில் தமிழ் அவர் வாயில் இருக்கிறது. முருங்கைக் கீரை ‘ப்ரெட் முரும்’, பீர்க்கங்காய் ‘பிபெங்காய்’. பத்தொன்பது வருடமாகப் பள்ளியில் தமிழ் சொல்லித் தருகிறேன், பாடப்புத்தகத்தை விட அத்தையின் கொல்லையில்தான் இந்த ஊர்த் தமிழ் வாழ்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மிளகாய் போடாமல், புளியைக் குறைத்து, மிளகு இரண்டே இரண்டு தட்டிப்போட்டு, மெல்லிய துணியில் வடிகட்டிக் கொடுத்தார். நான்கு பாலாடை குடித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒன்பது நாளாகத் தித்திப்பும் பால் வாடையுமாக இருந்த வாயில் சீரகமும் உப்பும் பட்டால் அப்படித்தான்.

“மாஞ்சே, மோ திஃபி” என்றார் அத்தை. சாப்பிடு மகளே. பத்தொன்பது வருடமாக அவர் என்னிடம் அதிகம் சொன்ன சொல் அது. பதினைந்து மில்லியைப் பார்த்து அதைச் சொல்லும்போது அவர் குரல் தடுமாறியது.

டிசம்பர் 8, வெள்ளி

மசித்த உணவு தொடங்கி நான்கு நாள். நன்றாக வெந்த பாசிப்பருப்பு, மசித்த முட்டை, டோஃபு. சீனக் கடையில் தினம் புதிதாக டோஃபு கிடைப்பது இந்தத் தீவில் எனக்கு வாய்த்த வரம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் அரை மணி பின்னும் தண்ணீர் கூடாது. முதலில் புரதம், அப்புறம் காய், இடம் மிஞ்சினால் சோறு. மிஞ்சுவதில்லை.

எடை எட்டு நாளாக 103.4இலேயே நிற்கிறது. நூறு பாலாடையும் நாற்பது கரண்டியும் எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டு, காலையில் தராசு அசையாமல் நின்றால் அழுகை வருகிறது. மூன்றாம் வாரத்தில் இப்படி நிற்பது பெரும்பாலும் எல்லாருக்கும் உண்டு, உடம்பு மறுபடி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார் ஆலோசகர். தராசை என் கணவர் எடுத்து மேல் பரணில் வைத்துவிட்டார். இனி வாரம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை மட்டும்.

நடை: காத்ர் போர்ன் மெட்ரோ நிலையம் வரை போய்த் திரும்புகிறேன். இருபத்தைந்து நிமிடம். ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது, ஆறு வாரம் வரை. அரிசிப் பையை மகள் தூக்குகிறாள்.

டிசம்பர் 23, சனி

வீதியெல்லாம் லிச்சி. கிறிஸ்துமஸ் வந்தால் ஊரே கொத்துக் கொத்தாக வாங்கும். ஒன்றை உரித்து, பாதியை ஒரு மணி நேரமாகச் சுவைத்தேன். போதும்.

உடம்பு ஒரு புதுப் பேச்சைக் கற்றுக்கொண்டிருக்கிறது. வயிறு நிறைந்தால் முன்போலப் பாரமாகத் தெரிவதில்லை. ஒரே ஒரு விக்கல் வருகிறது. அதுதான் அடையாளம். அதற்குப் பிறகு ஒரு கரண்டி போனாலும் வலி. விக்கல் வந்ததும் தட்டைத் தள்ளிவிடு என்று எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

மாத்திரைகள்: இரும்பு உடம்பில் சேர்வதைக் கால்சியம் கெடுக்கும், இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு தேநீரும் கூடாது. வெனிலாத் தேநீர் இல்லாத மொரீஷியஸ் காலையைப் பழகிக்கொண்டேன். காலைச் சர்க்கரை 104.

ஜனவரி 15, 2024, திங்கள்

பொங்கலும் பெலால் புயலும் ஒரே நாளில். போர்ட் லூயிஸில் தெருவோடு கார்கள் மிதந்து போவதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். இங்கே மின்சாரம் இல்லை, சன்னல்கள் தடதடக்கின்றன. பொங்கல் கேஸ் அடுப்பில்தான் பொங்கியது. அத்தை சங்குக்குப் பதில் தட்டைத் தட்டினார்.

இன்றோடு எட்டு வாரம். எனக்கென்று வெல்லம் போடாமல் குழைய வேகவைத்த வெண்பொங்கல், பாதிக்கு மேல் பாசிப்பருப்பு. எட்டுக் கரண்டி.

நேற்றிரவே அரை லிட்டர் பாட்டில் பன்னிரண்டில் தண்ணீர் பிடித்து வரிசையாக வைத்தேன். மற்றவர்கள் தண்ணீர் இல்லாவிட்டால் பிறகு சேர்த்துக் குடித்துக்கொள்ளலாம். என்னால் சேர்த்துக் குடிக்க முடியாது. விட்டுப்போன அரை லிட்டர் விட்டுப்போனதுதான், மறுநாள் தலைசுற்றலாக வந்து நிற்கும்.

வெளியே நடக்க வழியில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நாற்பது நிமிடம். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, பத்துப் பத்தாக மூன்று முறை. குடிக்கிற அதே பாட்டிலைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு தோளுக்கு மேல் தூக்கி இறக்குவது, அதுவும் முப்பது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மகளும் கூடச் செய்தாள்.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசக் காவடி. நேர்ந்துகொண்டது மகள், நான் கூட நடந்தேன். பத்து நாள் விரதத்தில் மீனும் முட்டையும் இல்லை என்றதும் புரதக் கணக்கு ஆட்டம் கண்டது. டோஃபு, பருப்பு, பொடி கலந்த பால் என்று சமாளித்தேன். சாப்பிடாமல் இருக்கும் விரதம் எனக்குக் கூடவே கூடாது என்று ஆலோசகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முருகன் கோபித்துக்கொள்வானோ என்று அத்தைக்குக் கவலை. தண்ணீர் பாட்டிலோடு காவடி ஊர்வலத்தில் நான் நடந்தது அவருக்கு ஒப்பவில்லை, ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கோர் தெ கார்த் மலையடிவாரக் கோயில். போன வருடம் பாதிப் படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, பாதி வழியிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். இன்று நிற்காமல் ஏறினேன். மகளின் செம்பில் பால் திரியாமல் இருந்தது. அபிஷேகத்தில் அது வேல்மேல் வழிந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன்.

தப்பு அதற்குப் பிறகு நடந்தது. வாழையிலையில் ஏழு கறி. பூசணி, வாழைக்காய், பலா மூசு, பருப்பு, கீரை, எல்லாம். இலையின் ஒரு மூலையில் மட்டும் வாங்கிக்கொண்டேன். அதுவரை சரி. எதிரே என் பழைய மாணவியின் தாய் உட்கார்ந்தார், பேச்சு ஓடியது. பேசிக்கொண்டே பலா மூசை மெல்லாமல் விழுங்கியிருக்கிறேன். விக்கல் வந்தது. என் கை இலையை மூடப் போகும் முன்னே, “யாரோ நினைக்கிறாங்க டீச்சர், தண்ணி குடிங்க” என்று அவர் டம்ளரை நீட்டினார். விக்கினால் தண்ணீர் குடிப்பது பிறந்ததிலிருந்து உள்ள பழக்கம். கை தானாக வாங்கியது. மூன்று மடக்கு குடித்துவிட்டேன்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. நெஞ்சுக்கு நடுவில் யாரோ கட்டை விரலால் அழுத்துவதுபோல. வாயில் எச்சில் ஊறி ஊறி நுரையாக வந்தது. பந்தலுக்குப் பின்னால் ஓடினேன். பலாவின் நார் ஒரு சுருட்டு வெளியே வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. நிமிர்ந்தால் அத்தை நிற்கிறார், கையில் என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி. அது மண்ணில் படாமல் பிடித்திருக்கிறார். வாயைத் துடைத்துவிட்டார். இந்தத் தடவை ‘மாஞ்சே’ சொல்லவில்லை.

பேருந்தில் வரும்போது, அந்தத் தண்ணீரைத் தடுத்திருக்க வேண்டும், எனக்கு அந்த விதி தெரியும் என்றார் கிரியோலில். எனக்கும்தான் தெரியும் அத்தை என்றேன்.

ஜனவரி 26, வெள்ளி

முழு நாளும் நீராகாரம். அடைத்துக்கொண்டால் ஒரு நாள் குழாய்க்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பாலாடையை மறுபடி எடுத்தேன். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பையே பாதிக்கும், உடனே வர வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். நீடிக்கவில்லை. எடை 94.8.

பிப்ரவரி 18, ஞாயிறு

நாளை மறுநாள் மூன்று மாதம். சீப்பில் முடி கொத்தாக வருகிறது. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கொட்டும், வேர் சாகவில்லை, திரும்ப வளரும் என்கிறார்கள். அறிவு கேட்டுக்கொள்கிறது, கண்ணாடி முன் நிற்கும்போது மனசு கேட்கவில்லை. அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, “என்னடி, மூஞ்சி சிறுத்து முடியும் போச்சே” என்று அழுதார். என் சர்க்கரை அளவைச் சொன்னேன், மாமனாரின் காலை நினைவுபடுத்தினேன். அப்புறம் அழுகையை நிறுத்தி, முருங்கைக் கீரை சாப்பிடுகிறாயா என்று கேட்டார். தினம் ஒரு கிண்ணம் கீரைச் சாறு. அத்தை ஒரு நாளும் தவறவிடுவதில்லை.

உறவில் ஒருவர் சென்ற வாரம் வந்து, வாயைக் கட்ட முடியாமல் சுலபமான வழியில் போய்விட்டாய் என்றார். பதில் சொல்லவில்லை. ஆனால் இரவெல்லாம் தூங்கவில்லை. ஒரு வாய் தண்ணீரைக்கூட யோசிக்காமல் விழுங்க முடியாதவளின் நாளில் எது சுலபம் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று விடியற்காலை மெட்ரோவில் க்யூர்பீப் போனோம், நானும் அத்தையும். த்ரூ ஓ செர் எரிமலைப் பள்ளத்தின் விளிம்புப் பாதை. ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பனி மூட்டம், கீழே பள்ளத்தில் மரங்கள் மட்டும் தெரிந்தன. நான் மூன்று சுற்று, அத்தை ஒரு சுற்று முடித்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு சுற்று முடிவிலும் என் பாட்டிலைத் திறந்து நீட்டினார். நான் இரண்டு சிறு மடக்கு குடிக்கும் வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகுதான் மூடினார். மூன்றாம் சுற்றில் பனி விலகி, கோர் தெ கார்த் தெரிந்தது.

நாளை ஏழு மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும், பி12, இரும்பு, வைட்டமின் டி எல்லாம். வெறும் வயிறு. ஆனால் தண்ணீர் குடிக்கலாமாம், கேட்டு வைத்துக்கொண்டேன். பாட்டிலை நிரப்பிக் கதவருகே வைத்திருக்கிறேன்.