கூட்டல் குறியைத் தொடாதீர்கள்: மெட்ரிக் கணக்கும் வர்க்கமூலமும்

மெட்ரிக் ரிசல்ட் வந்தாச்சு, அதாவது இங்கே தென்னாப்பிரிக்காவில் கிரேடு 12 முடிவில் எழுதும் பரீட்சையின் ரிசல்ட். கணக்கில் லெவல் 6. உச்சமான லெவல் 7க்கு ஆசைப்பட்டேன், யூக்ளிட் ஜியோமெட்ரி அதைச் சாப்பிட்டுவிட்டது. போகட்டும். பேப்பர் ஒன்றின் முதல் கேள்வியும் பேப்பர் இரண்டின் டிரிகோணமெட்ரியும்தான் என்னைக் கரை சேர்த்தன. இரண்டிலும் எனக்குக் கைகொடுத்தது ஒரே விஷயம்: வர்க்கமூலங்களைக் கூட்டுவது, கழிப்பது. டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இந்த வருஷம் கிரேடு 12 எழுதப்போகிற சொந்தக்காரப் பிள்ளைகள் வாட்ஸப்பில் ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

கிரேடு 11 முதல் டேர்மிலேயே முடிந்துபோன சர்டுக்கு (√2 மாதிரி முழுசாக வெளிவராத மூலங்களுக்கு) எதற்கு இவ்வளவு பேச்சு என்று தோன்றும். தனிக் கேள்வியாக வந்தால் சில மார்க்தான், உண்மை. ஆனால் அது தனியாக மட்டும் வருவதில்லை. சமன்பாட்டுக்குள் வரும், தூரம் கண்டுபிடிக்கும்போது வரும், "கால்குலேட்டர் இல்லாமல்" என்று தொடங்கும் டிரிகோணமெட்ரிக் கேள்விகளில் கட்டாயம் வரும்.

என் பெரியம்மா மகள் டோங்காட்டில் இருக்கிறாள். கணக்கில் கெட்டி. அவள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து √50 + √18 − √8 என்று எழுதினேன். அடுத்த வரி எழுதப் பேனாவை வைத்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், கூட்டல் குறி மேல பேனா போகக்கூடாது. முதல்ல ஒவ்வொண்ணையும் தனியா முடி."

"எல்லாம் ரூட்தானே அக்கா?"

"ரூட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தியா?"

அவ்வளவுதான் பாடம். ஒவ்வொரு மூலத்துக்குள்ளும் ஒளிந்திருக்கும் வர்க்க எண்ணை வெளியே எடுக்க வேண்டும். 50 என்பது 25 × 2, ஆகவே 5√2. 18 என்பது 9 × 2, ஆகவே 3√2. 8 என்பது 4 × 2, ஆகவே 2√2. இப்போது மூன்றிலும் உள்ளே இருப்பது அதே 2. இனிமேல்தான் கூட்டல் குறிக்கு வேலை: 5 + 3 − 2 = 6, விடை 6√2. உள்ளே இருக்கும் 2 அசையாது, முன்னால் நிற்கும் எண்கள்தான் கூடும், குறையும். 5எக்ஸ் + 3எக்ஸ் − 2எக்ஸ் போட்ட அதே கைதான் இதையும் போடுகிறது. ஆப்பிள், மாம்பழம் என்று உதாரணம் சொல்லும் டீச்சர்களை நான் நம்புவதில்லை. அல்ஜீப்ராவை அல்ஜீப்ராவாகவே சொன்னால் புரியும்.

உள்ளே இருக்கும் எண்களைக் கூட்டி √60 என்று எழுதத் துடிக்கும் ஆட்கள் ஒரே ஒரு வரியைப் பார்த்தால் போதும். √9 + √16 என்பது 3 + 4, அதாவது 7. √25 என்பதோ 5. கை ஏன் அப்படிப் போகிறது என்றால், பெருக்கலில் அது சரியாக வருகிறது: √2 × √8 = √16 = 4. அங்கே பழகிய கை இங்கேயும் அதையே செய்யப் பார்க்கும்.

வெட்டும்போது இருப்பதிலேயே பெரிய வர்க்க எண்ணால் வெட்டுங்கள். √48ஐ 4 × 12 என்று பிரித்தால் 2√12 வரும், முடிந்தது என்று நினைப்போம். முடியவில்லை, 12க்குள் இன்னொரு 4 இருக்கிறது. 16 × 3 என்று பிரித்தால் ஒரே அடியில் 4√3. நடுவழியில் நின்றால் பக்கத்தில் இருக்கும் √27ஓடு இது சேரும் என்பதே கண்ணில் படாது. அது 3√3, இரண்டும் சேர்ந்து 7√3.

மனப்பாடம் பண்ண வேண்டியவை:
– 4, 9, 16, 25, 36, 49, 64, 81, 100, 121, 144. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும்.
– √72 = 6√2, √128 = 8√2, √162 = 9√2
– √75 = 5√3, √147 = 7√3
– √45 = 3√5, √125 = 5√5
– கீழே மூலம் இருந்தால் முதலில் அதை மேலே கொண்டுவா: 6/√3 = 2√3. அதன் பிறகே √12ஓடு கூட்டு. விடை 4√3.

கால்குலேட்டர் பற்றி. நம்மில் பாதிப் பேர் கையில் இருக்கும் கேசியோ, √50 + √18 − √8 என்று தட்டினால் 6√2 என்றே காட்டிவிடும். அந்தத் தெம்பில் படிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறான், விடையை மட்டும் எழுதினால் முழு மார்க் கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்று. வழியைக் காட்டினால், நடுவில் ஒரு எண் தவறினாலும் அதற்குப் பிந்தைய வரிகளுக்கு மெமோவில், அதாவது திருத்துபவர்களின் விடைக்குறிப்பில், மார்க் உண்டு. நான் கால்குலேட்டரைக் கடைசியில் சரிபார்க்க மட்டும்தான் எடுப்பேன். கேள்வியைத் தசமத்தில் போட்டால் 8,49 (இங்கே தசமப் புள்ளிக்குப் பதில் கமாதான்). 6√2ஐப் போட்டாலும் 8,49. √60 போட்டால் 7,75. யார் சரி என்று அதுவே சொல்லிவிடும்.

டிரிகோணமெட்ரிக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம் இதுதான். சைன் 75°ஐ 45° + 30° என்று பிரித்துப் போட்டால் (√6 + √2)/4 வரும். அங்கேயே நிறுத்த வேண்டும். 6ம் 2ம் வெட்டுப்படாது, உள்ளே வேறு வேறு எண், சேராது. இல்லை, நான் சேர்ப்பேன் என்று √8/4 எழுதினால் அது √2/2 ஆகிறது. √2/2 என்பது சைன் 45°. அதாவது 75°க்கும் 45°க்கும் ஒரே சைன்! கழித்தலிலும் இதே கூத்து. சைன் 15° = (√6 − √2)/4. அதை √4/4 ஆக்கினால் 1/2, அது சைன் 30°. இதைப் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் அக்கா சொன்னது எனக்கு முழுசாக உள்ளே இறங்கியது. சேராத மூலங்களைச் சேராமல் விடுவதும் விடைதான்.

ஆயத்தொலைவிலும் இதே கதை. அ(1, 2), ஆ(3, 6), இ(9, 3) என்று மூன்று புள்ளி. அஆ = √20 = 2√5, ஆஇ = √45 = 3√5, அஇ = √65. சுற்றளவு 5√5 + √65. 65க்குள் 5 இருக்கிறதே, சேர்த்துவிடலாமா என்று மனசு அலையும். சேராது, 65ல் வர்க்க எண் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஆனால் 20 + 45 = 65 என்பதைக் கவனித்தீர்களா? ஆ என்ற முனையில் செங்கோணம். பரப்பளவு ½ × 2√5 × 3√5 = 15, மூலமே இல்லாமல் போய்விட்டது.

சமன்பாட்டில் வந்தால்: எக்ஸ் − √(எக்ஸ் + 5) = 1. மூலத்தைத் தனியாக ஒரு பக்கம் தள்ளாமல் வர்க்கப்படுத்தாதீர்கள். √(எக்ஸ் + 5) = எக்ஸ் − 1 என்று ஆக்கிய பிறகு வர்க்கப்படுத்தினால் 4, −1 என்று இரண்டு வரும். இரண்டையும் √(எக்ஸ் + 5) = எக்ஸ் − 1 என்ற வரியிலேயே திரும்பப் போட்டுப் பாருங்கள். −1 போட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. அதை அடித்துவிட்டு 4ஐ மட்டும் வையுங்கள்.

டியூஷன் போகலாமா என்று கேட்கிறார்கள். அப்பா காசு கட்டி ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பினார். கட்டுக்கட்டாக நோட்ஸ் கொடுத்தார்கள். 25 × 2 என்று ஏன் பிரிக்கிறோம், 10 × 5 என்று ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டதற்கு "பழகிடும்" என்றார்கள். உங்களுக்கு நல்ல இடம் அமைந்தால் போங்கள். எனக்கு அக்காவின் சமையலறை போதுமாக இருந்தது. நான் ஒரே இடத்தில் நாள் முழுக்க உட்காரும் ஆளும் இல்லை. தீபாவளி வேறு இந்தப் பரீட்சையை ஒட்டியே வந்து நிற்கும், வீடு நிறைய ஆள். அந்தச் சத்தத்தில் யூக்ளிட் ஏறாது, ஆனால் சர்ட் போடலாம், ஒரு கணக்கு மூன்று வரிதான். ஆயா முறுக்கு பிழிகிற பக்கத்திலேயே உட்கார்ந்து போட்டிருக்கிறேன்.

பழைய பேப்பர்கள் கல்வித் துறையின் இணையதளத்தில் மெமோவோடு இலவசமாகவே இருக்கின்றன. நவம்பர் பேப்பரை மட்டும் பார்த்துவிட்டு மே–ஜூன் பேப்பரை விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே ஒன்று வேண்டுமென்றால் இதைப் போடுங்கள்: √147 − √27 + 9/√3. விடை 7√3. வேறு ஏதாவது வந்தால் முதலில் 9/√3ஐப் பாருங்கள், அனேகமாக அங்கேதான் பிசகியிருக்கும்.