ஃபிரிட்ஜுக்கு மேலே ஏழு முட்டை

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். சிங்கப்பூர் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சிவப்புக்காது ஆமை ஜோடி ஒன்று ஒன்பது வருடமாக இருக்கிறது. எனக்கு ஆசை என்னவோ பல்லி வளர்க்கத்தான். சிங்கப்பூரில் அதற்கு அனுமதி இல்லை. ஊர்வனவற்றில் இந்த ஆமையையும் மலாயாப் பெட்டி ஆமையையும்தான் வளர்க்கலாம்.

மார்ச் மாதம் பெண் ஆமை சாப்பாட்டைத் தொடவில்லை. தொட்டிச் சுவரைப் பின்னங்காலால் ஓயாமல் சுரண்டியது. நோய் என்று பயந்து மருத்துவரிடம் தூக்கிப் போனால், எக்ஸ்ரேயில் முட்டைகள் தெரிந்தன. முட்டையிட மண் கிடைக்காவிட்டால் உள்ளேயே அடக்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து என்றார். அன்று மாலையே ஒரு பெட்டியில் ஈர மண் நிரப்பி, துணி காயப்போடும் பக்கம் வைத்தேன். இரண்டு நாள் என்னை முறைத்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் குழி தோண்டி, ஏழு முட்டையிட்டு, மண்ணைத் தட்டி மூடிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி தண்ணீருக்குத் திரும்பிவிட்டது.

முட்டைகளை எடுக்கும்போதுதான் கை நடுங்கியது. கோழி முட்டை மாதிரி இதைப் புரட்டக் கூடாது. கரு ஓட்டின் மேற்புறம் ஒட்டிக்கொள்ளும், புரண்டால் செத்துவிடும். அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, வைத்த வாக்கிலேயே டப்பாவுக்கு மாற்றினேன்.

டப்பாவில் வெர்மிகுலைட், ஈரத்தைப் பிடித்துவைக்கும் தாதுத் துகள். அதற்குச் சம எடை தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் கப்பால் அளந்து ஊற்றினேன். அது பஞ்சு மாதிரி லேசானது அல்லவா, ஒரு கப்புக்கு ஒரு கப் என்றால் சேறுதான். ஒரே வாரத்தில் இரண்டு முட்டையில் பூஞ்சை. அப்புறம்தான் சமையல் தராசை எடுத்தேன்.

நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு? தொல்லை ஏர்கான்தான். படுக்கையறையில் வைத்த முதல் இரவு 25 டிகிரிக்கு இறங்கிவிட்டது. கடைசியில் சமையலறை ஃபிரிட்ஜின் மேல் 29, 30 என்று நின்றது. இந்த ஆமைகளுக்குச் சூடுதான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது: 28க்குக் கீழே பெரும்பாலும் ஆண், 31க்கு மேலே பெண். என் குஞ்சுகள் என்னவென்று தெரிய இன்னும் சில வருடம் ஆகும்.

இரண்டாம் வாரம் கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். நான்கில் சிவப்பு ரத்த நாளங்கள், உயிர் இருக்கிறது. ஒன்று வெறும் மஞ்சள். ஆமை நினைத்தே குஞ்சு பொரிக்கும் என்பார்கள். இங்கே நினைத்துக்கொண்டே இருந்தது நான்தான், இரவு இரண்டு மணிக்கும்.

63ஆம் நாள் காலை ஓட்டில் ஒரு கீறல். மூக்கு நுனியில் வெள்ளையாக, அரிசி நொய் அளவுக்கு, ஓட்டைக் கீறும் முட்டைப்பல். அவ்வளவுதான், அதற்குமேல் அது அசையவில்லை. மதியம், இரவு, மறுநாளும் அப்படியே. விரல் நுனியால் ஓட்டைக் கொஞ்சம் பிய்த்துவிடலாமா என்று துடித்தது. ஆனால் வயிற்றில் மஞ்சள் கரு பை இன்னும் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும், இழுத்தால் கிழிந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றரை நாள் கழித்துத் தானாகவே வெளியே வந்தது, ஒரு டாலர் காசைவிடச் சற்றுப் பெரிதாக. அடுத்த நான்கு நாளில் இன்னும் இரண்டு. நான்காவது திறக்கவே இல்லை.

"பூங்காக் குளத்தில் விட்டுடுங்களேன்" என்றார் எதிர்வீட்டு அங்கிள். அது இங்கே குற்றம், குளத்துக்கும் கேடு. மூன்றும் எங்கள் வீட்டில்தான். இருபது முப்பது வருடம் வாழும் பிராணியை யார் தலையில் கட்டுவது?

நேற்றிலிருந்து தாய் ஆமை மறுபடியும் சுவரைச் சுரண்டுகிறது. மண் பெட்டியை வைத்துவிட்டேன். இந்த முறை முட்டைகள் அன்றைக்கே ஃப்ரீசருக்குள் போகும்.