பிராக்டிகலுக்கு முன்பே கட்டைவிரலைப் பழக்குங்கள்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பவர்களுக்கு, அதிலும் போட்டோகிராபி பிராக்டிகலுக்குத் தயாராகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். ஃபோகஸ் பிடிக்கும் வேலையைக் கேமராவின் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றும் பேக் பட்டன் ஃபோகஸ் என்ற ஒரே ஒரு செட்டிங்கைப் பற்றித்தான். தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரமாவது இருந்தால் தொடங்குங்கள். நாளைக்குத் தேர்வு என்றால் இன்றைக்குக் கை வைக்காதீர்கள். காரணம் போகப் போகப் புரியும்.

கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வில் எனக்கு வந்த தலைப்பு 'வேலை செய்யும் கைகள்'. காலையிலேயே மயிலாப்பூர் மாட வீதிக்குப் போய்விட்டேன். பூக்கடை அக்கா ஒருவர் மல்லி கட்டிக்கொண்டிருந்தார். இடது கையில் நாலு மொட்டு, வாழைநாரில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு, அடுத்த நாலு மொட்டு. கண் பார்க்காமலே கை ஓடியது. அந்த விரல்கள் படத்தின் இடது ஓரத்தில், மீதி இடமெல்லாம் வீதி மங்கலாக. அப்படித்தான் மனசில் படம் இருந்தது. வியூஃபைண்டரில் தெரியும் நடு ஃபோகஸ் புள்ளியை அக்காவின் விரலில் வைத்து, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸ் பிடித்து, கேமராவை நகர்த்தி, முழுதாக அழுத்தினேன். முதல் படம் சரியாக விழுந்தது. அடுத்த படத்துக்குப் பட்டனை மறுபடி அழுத்தும்போது நடுப் புள்ளி வீதியில் நிற்கிறது. லென்ஸ் நேரே போய், அந்தப் பக்கம் போன சைக்கிளைப் பிடித்துக்கொண்டது. திரும்ப விரலுக்கு வந்து, திரும்ப நகர்த்தி நிமிர்வதற்குள் அக்கா ஒரு முழத்தை முடித்துவிட்டார். இருபது படத்தில் நாலுதான் தேறியது.

படங்களைப் பார்த்த லேப் அண்ணன், "ஒரே விரல்கிட்ட ரெண்டு வேலை வாங்கினா இப்படித்தான்பா ஆகும். ஃபோகஸைக் கட்டைவிரல்கிட்ட கொடு" என்றார். விஷயமே அவ்வளவுதான். கேமராவை வாங்கும்போது ஷட்டர் பட்டனுக்கு இரண்டு வேலை: பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுதும் அழுத்தினால் படம். முதல் வேலையைப் பின்னால், கட்டைவிரல் படுகிற பட்டனுக்கு மாற்றிவிட்டால் ஷட்டர் படம் மட்டும்தான் எடுக்கும். இது நேற்று வந்த வித்தையும் இல்லை. கேனான் 1989-இல் விட்ட இஓஎஸ் 630 என்ற ஃபிலிம் கேமராவிலேயே இந்த வசதி இருந்தது.

செட்டிங்கை மாற்ற ஐந்து நிமிடம் போதும். கல்லூரி லேப்களில் நிறைய இருக்கும் கேனான் 1500டி மாதிரி கேமராவில் முதலில் மேலே இருக்கும் மோட் டயலை எம் (மேனுவல்) அல்லது ஏவி (அப்பர்ச்சரை நாமே வைப்பது) மோடில் வையுங்கள். ஆட்டோவில் இருந்தால் கஸ்டம் ஃபங்ஷன் மெனு கிடைக்காது. அதில் 'ஷட்டர்/ஏஇ லாக் பட்டன்' என்ற வரியைத் திறந்தால் 0 முதல் 3 வரை நாலு தேர்வு. 1, 3 இரண்டுமே நட்சத்திரக் குறி போட்ட பட்டனுக்கு ஃபோகஸைக் கொடுக்கும். 1-இல் ஷட்டரைப் பாதி அழுத்தினால் எக்ஸ்போஷர், அதாவது கேமரா கணக்கிட்ட வெளிச்ச அளவு, பூட்டிக்கொள்ளும். 3-இல் பூட்டாது, படம் விழும் நொடியின் வெளிச்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். வெயிலும் நிழலும் மாறி மாறி வருகிற நம் ஊர்த் தெருவுக்கு 3-தான் என் தேர்வு. நிக்கானில் ஏஇ-எல்/ஏஎஃப்-எல் பட்டனுக்கான மெனுவில் 'ஏஎஃப்-ஆன்' (ஏஎஃப் என்றால் ஆட்டோஃபோகஸ்) என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. சோனியில் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும்: ஒரு பட்டனுக்கு ஏஎஃப் ஆன் கொடுக்க வேண்டும், 'ஏஎஃப் வித் ஷட்டர்' என்பதை ஆஃப் செய்ய வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் ஃபோகஸ் மோடு. அதைத் தொடர் ஃபோகஸில் வைக்க வேண்டும்: கேனானில் ஏஐ சர்வோ, மற்ற இரண்டிலும் ஏஎஃப்-சி. பாதிப் பேர் இதை மாற்றாமல் விட்டுவிட்டு, என்ன பிரயோஜனம் என்று கேட்கிறார்கள். தொடர் ஃபோகஸில் வைத்தால்தான் ஒரே பட்டனில் இரண்டு மோடும் கிடைக்கும். கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருக்கும்வரை லென்ஸ் ஆளைத் துரத்தும். எடுத்துவிட்டால் அந்தத் தூரத்திலேயே நின்றுவிடும். மாட வீதியில் எனக்கு வேண்டியிருந்தது இதுதான். ஒரு முறை விரலில் ஃபோகஸ் பிடித்துக் கட்டைவிரலை எடுத்துவிட்டால் குறுக்கே சைக்கிள் போனாலும் பஸ் போனாலும் லென்ஸ் அசையாது. நிக்கானில் ஷட்டர் விழாமல் அடம் பிடித்தால் ஏஎஃப்-சி பிரயாரிட்டியை 'ரிலீஸ்' (ஃபோகஸுக்குக் காத்திருக்காமல் படம் எடுப்பது) என்று மாற்றிப் பாருங்கள்.

பழகுவதற்கு நான் போன இடம் மெரினா. காலை ஆறரைக்குக் காந்தி சிலைக்குப் பின்னால் மணலில் இறங்கினால் கிரிக்கெட், நாய், குதிரை எல்லாமே ஓடிக்கொண்டிருக்கும். முதல் மூன்று நாள் ஆள்காட்டி விரல் பழக்கத்தில் தானாகப் பாதி அழுத்திவிட்டுக் காத்திருக்கும், ஃபோகஸ் வராது. நாலாம் நாள்தான் கட்டைவிரலுக்கு விஷயம் புரிந்தது. குதிரை என்னை நோக்கி வருகிறது. கட்டைவிரலை அழுத்திப் பிடித்தேன். ஷட்டர் வேகம் 1/1000. குளம்பு கிளப்பிய ஈர மணல் காற்றில் நிற்கிறது, குதிரையின் கண்ணில் இமை முடி எண்ணலாம். அதே நிமிடம் குதிரைக்காரர் இறங்கி நின்றார். கட்டைவிரலை எடுத்தேன், அவரை ஓரத்தில் நிறுத்திக் கடலையும் சேர்த்து எடுத்தேன். மெனு பக்கம் போகவே இல்லை. மனதில் இருந்த தயக்கமெல்லாம் அந்த இரண்டு படத்தில் போய்விட்டது. பறவை பிடிக்கும் என்றால் பள்ளிக்கரணைக்குப் போங்கள். 2022-இல் ராம்சார் என்ற சர்வதேசச் சதுப்பு நிலப் பட்டியலில் சேர்ந்த இடம். கூழைக்கடா தண்ணீரில் இறங்கும் நொடி நல்ல பயிற்சி.

போர்ட்ரெயிட்டில் ஒன்றை மறக்க வேண்டாம். ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பும் பழக்கம் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. 1500டி-யில் 50 மி.மீ. லென்ஸின் அப்பர்ச்சரை எஃப்1.8-க்கு நன்றாகத் திறந்து வைத்து, 1 மீட்டரில் உள்ள முகத்தை எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் 3 சென்டிமீட்டர்கூட இல்லை. கண்ணில் பிடித்துவிட்டுக் கேமராவை 10 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப்போகிறது; அந்த ஆழத்தில் பாதிதான் முன்பக்கம் என்பதால் கண் அதற்கு வெளியே நின்றுவிடும். கண் மங்கி, கன்னமோ காதோ கூர்மையாக வருவது இதனால்தான். அங்கே ஃபோகஸ் புள்ளியையே கண் மேல் நகர்த்திவிடுங்கள். கண்ணைத் தானாகப் பிடிக்கும் மிரர்லெஸ் கேமரா இருந்தால் இந்தக் கவலை குறைவு.

தேர்வன்று டிரைபாட், டைமர் வைத்து எடுப்பதாக இருந்தால் முதலில் பின்பட்டனில் ஃபோகஸ் பிடித்துவிட்டு டைமரை அழுத்துங்கள். கேமரா தானாகப் பிடிக்காது. கையில் பிடித்து எடுப்பதாக இருந்தால், பல நிக்கான் கேமராக்களில் நடுக்கம் குறைக்கும் விஆர் வசதி ஷட்டரைப் பாதி அழுத்தினால்தான் விழிக்கும் என்பதால் அந்த விரலையும் லேசாக வைத்திருங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இது பேச்சுக்கு வரலாம். வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் என் கேமராவை வாங்கி ஷட்டரைப் பாதி அழுத்தினார், லென்ஸ் அசையவில்லை. "ஏம்மா, லென்ஸ் ரிப்பேரா?" என்றார். ஏன் மாற்றினேன் என்பதை மல்லி கட்டிய கதையோடு சொன்னேன். மேற்கொண்டு இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

கேமரா லேபுக்குச் சொந்தமானது என்றால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த பிராக்டிகல் முடிந்து, செட்டிங்கைத் திருப்பாமலே கேமராவைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அதை எடுத்துப்போன ஜூனியர் பெண், தன் தங்கையின் அரங்கேற்றத்தை முழுக்க அதில் எடுத்திருக்கிறாள். மேடை இருட்டு, கேமராவின் திரையோ சின்னது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்ட பிறகுதான் தெரிந்திருக்கிறது, ஒன்றுகூட ஃபோகஸில் இல்லை. என்னிடம் வந்து, "அக்கா, நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்றுதான் கேட்டாள். அவள் தப்பு எதுவுமில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தப் படங்கள் திரும்ப வராது. இப்போது கேமராவை எடுக்கும்போதே அடிப்பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, 'ஃபோகஸ் பின்பட்டனில்' என்று எழுதிவிடுகிறேன். திருப்பிக் கொடுக்கும்போது செட்டிங்கை 0-க்கு மாற்றி, ஷட்டரைப் பாதி அழுத்தி லென்ஸ் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டேப்பைக் கிழிக்கிறேன்.